சிவப்பு வெளுத்த படம்

மோகனராஜுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். பிறவிக் குணம் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தையாக இருந்தபோது பாலில் ஆடை மிதந்தால் கோப்பையையே தட்டிவிடுவானாம். வளர வளர அந்தக் குமட்டல் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊர் மேல் ஏறிக்கொண்டது. பாகான் டாலாமில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்குப் பச்சைச் சாயம் அடித்தபோது இவனுக்கு இரண்டு நாள் வயிற்றைப் புரட்டியது. கல்யாண மண்டபத்தில் மேடைக்கு ஊதாத் துணியும் பிளாஸ்டிக் பூவும் கட்டியிருந்தால், மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான்.

அவன் பார்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்துபோனது. பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. பளிச்சென்ற விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, வரிசையாக வரும் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, சாயம் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். இருபது வருசமாக அதே நாற்காலி. மற்றவர்கள் பார்த்தால் தேறிவிடும் சாமான் இவன் கண்ணுக்குத் தேறாது. மேலதிகாரிக்கே அலுத்துப்போய், "மோகன், கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டுப் பாரேன்லா" என்று கெஞ்சியிருக்கிறார்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு கேமரா கிடைத்தால் என்ன ஆகும்? கறுப்பு வெள்ளைதான் ஆகும். வேறென்ன!

வார இறுதியானால் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் போய்விடுவான். போகும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போவான். அர்மேனியன் தெருவில் சுவரோவியத்துக்கு முன்னால் படம் பிடிக்க வரிசை கட்டி நிற்கும் சுற்றுலாக் கூட்டம், பொம்மைப் பூனையும் சூரியகாந்திப் பூவும் சொருகிக்கொண்டு பாட்டை அலறவிட்டு வரும் மூன்று சக்கரப் பேச்சா வண்டி, பாசார் தெருவில் கடைக்குக் கடை போட்டி போடும் ஒலிபெருக்கி, ஜிகினாச் சேலை. அட சீ, இது என்ன ஊரா, கலர் கலராகப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் கிண்ணமா என்று இருக்கும் அவனுக்கு. இதையெல்லாம் பிடித்து, நிறத்தைப் பிழிந்து எறிந்துவிட்டு, இருட்டும் வெளிச்சமுமாக ஆக்கிப் பார்த்தால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

அவன் மனைவி சுபாஷினி பாலர் பள்ளி ஆசிரியை. பகல் முழுக்கச் சிவப்பு யானையும் நீல மாடும் வரையும் பிள்ளைகளோடு இருப்பவள். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாங்க. ஒங்க கண்ணுக்குக் கண்டதெல்லாம் கறுப்பு. இதுக்கு என்னா மருந்து குடுக்கறது?" என்பாள். அவன் சிரிக்க மாட்டான். சிரிப்பும் அவனுக்குக் கொஞ்சம் குமட்டல்தான்.

தெருப்படம் எடுக்கிறவர்கள் சேர்ந்து 'நிழல்கூட்டம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். வாட்சாப்பில் பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக நடப்பார்கள். தலைவர் தயாளன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. உடம்பெல்லாம் பை வைத்த சட்டை போட்டிருப்பார். சூலியா தெருவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் கமாலும் அதில் ஒருவன். பேச்சுக் குறைவு, எல்லோருக்கும் தண்ணீர் வாங்கி வருவான். மோகனராஜ் அந்தக் கூட்டத்தில் இருந்தான் என்று சொல்வதைவிட, அந்தக் கூட்டத்தைப் பார்த்து அருவருத்துக்கொண்டு கூடவே நடந்தான் என்று சொல்லலாம்.

அருவருக்காமல் என்ன செய்வது? ஒருநாள் படித்துறைப் பக்கம் ஒரு கிழட்டு பேச்சாக்காரரைப் பிடித்துச் சட்டையைக் கழற்றச் சொன்னார் தயாளன். எலும்பு தெரிய வேண்டுமாம். வாயில் சிகரெட்டைச் சொருகி, வெயில் பின்னாலிருந்து விழும்படி உட்கார வைத்து, "அங்கிள், புகைய மேல விடுங்க! இன்னொரு வாட்டி! மெதுவா!" என்று ஆட்டி வைத்தார். கிழவர் இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் ஓடி ஓடி எடுத்தார்கள். அடுத்த நாள் குழுவில் படம் வந்தது, கீழே 'ஆன்மாவின் புகை' என்று எழுதி.

"பொணந்தின்னிங்க" என்றான் மோகனராஜ் சுபாஷினியிடம். "அவன் இருமுறான், இவனுங்க ஃபோகஸ் பண்றானுங்க. த்தூ!"

"நீங்க மட்டும் என்னா பண்றீங்களாம்?"

"நான் யாரையும் சட்டையக் கழட்டச் சொல்ல மாட்டேன். உக்காரு, எந்திரின்னு சொல்ல மாட்டேன். கேக்கவே மாட்டேன். கேட்டு எடுத்தா அது படமில்ல, அடையாளக் கார்டு ஐசிக்கு எடுக்கற படம். நான் பாட்டுக்குப் போவேன், எடுப்பேன், வந்துடுவேன்."

அதைச் சொல்லும்போது அவனுக்கு அத்தனை பெருமை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது; எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மோகனராஜ் நேராக ஃபெர்ரி ஏறினான். குயின் தெருவுக்குள் நுழைந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. வானம் கழுவிப் போட்டதுபோல நீலம். மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ப்புறம், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையின் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சிவப்புச் சேலை, ஈரத் தலை, நெற்றி நிறைய வட்டக் குங்குமம். மடியில் ஒரு கைப்பேசி. பின்னால் திறந்து கிடந்த கடை வாசல் கரி அப்பியதுபோல இருட்டு. அவள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மோகனராஜுக்குக் கை தானாக எழுந்தது. எடுத்தான். குனிந்து இன்னொன்று எடுத்தான்.

அவள் பார்த்துவிட்டாள். "தம்பி, என்னையவா எடுத்த? எதுக்குப்பா?"

"இல்லக்கா, கட்டடம். பழைய கட்டடம் எடுக்கறேன்" என்றான் அவன், கூசாமல்.

"அப்படியா? மறைக்கிறேனா? இரு, நகந்துக்கறேன்." அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூணோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. அவன் மரியாதைக்குக் கட்டடத்தைப் பார்த்து ஒரு 'க்ளிக்' அடித்துவிட்டு நடையைக் கட்டினான்.

மறுநாள் மத்தியானம் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். எதிரே சுபாஷினி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இவனுக்குப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு முறை உண்டு. வெறுமனே நிறத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சாம்பலாகச் சப்பென்று இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பட்டை இருக்கிறது. அதை ஏற்றினால் அந்த நிறமுள்ள இடம் வெளுக்கும், இறக்கினால் கறுக்கும். இவன் எப்போதும் நீலத்தை அடிமட்டத்துக்கு இறக்குவான், சிவப்பை உச்சிக்கு ஏற்றுவான். நீல வானம் இடி விழப்போவதுபோலக் கறுத்துவிடும். முகம் அந்த இருட்டில் தனியாகத் தெறித்து நிற்கும். குழுவில் பாதிப் பேர் இவனுடைய வானத்தைப் பார்த்து ஏங்கினார்கள்.

நீலத்தை இறக்கினான். வானம் செத்தது. சிவப்பை ஏற்றினான். சேலை வெளுத்துக்கொண்டே வந்து வெள்ளைப் புடவையானது. இருட்டு வாசலுக்கு முன்னால் அந்த வெள்ளை அப்படியே எரிந்தது. கன்னத்துக் கண்ணீர்க் கோட்டைக் கொஞ்சம் கூர்மையாக்கினான். நாற்காலியில் சாய்ந்தான். வாழ்நாளில் அப்படி ஒரு படம் அவன் எடுத்ததில்லை. அவனுக்கே புல்லரித்தது.

சுபாஷினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ பாவம். யாருங்க இது? புருசன் தவறிட்டாரா?"

"தெரியல" என்றான் வாய்க்கு வந்தபடி. அப்புறம்தான் அவனும் பார்த்தான்.

நெற்றி காலி. சேலையோடு சேர்ந்து குங்குமமும் வெளுத்துப் போன இடம் தெரியவில்லை. சேலை வெள்ளை, நெற்றி வெறுமை, தலைக்கு மேல் கரி வானம். தமிழனாகப் பிறந்த எவனும் அந்தப் படத்தை ஒரே விதமாகத்தான் படிப்பான்.

சுபாஷினி உள்ளே போனதும் சிவப்பை இறக்கிப் பார்த்தான். பொட்டு திரும்பி வந்தது, கறுப்பாக. ஆனால் சேலையும் கறுத்து வாசல் இருட்டோடு ஒட்டிக்கொண்டது. முகம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மறுபடி ஏற்றினான். நெற்றியை மட்டும் தனியாகத் தொட்டுப் பொட்டைக் கறுப்பாக்கியிருக்கலாம். அது ஒரு வேலையே இல்லை, கண்ணிமைக்கிற நேரம். ஆனால் பொட்டு வந்தால் துக்கம் போய்விடும். கோயிலுக்கு வந்த ஒரு அம்மா ஆகிவிடுவாள். அப்படி ஆயிரம் படம் ஊரில் கிடக்கிறது.

'நான் முகத்தைத் திருத்துகிறவன் இல்லை, அதெல்லாம் கல்யாணப் படக்காரன் வேலை' என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். என்ன நியாயமோ! சேமித்தான், மூடினான்.

நிழல்கூட்டம் அந்த மாதம் ஒரு கண்காட்சி வைத்தது. அர்மேனியன் தெருப் பக்கம் பழைய கடைவீட்டைக் காப்பிக் கடையாக மாற்றியிருந்தார்கள். அதன் சுவர்தான் இடம். மோகனராஜின் படத்தைப் பார்த்ததும் தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான்! இத ஆளு உசரத்துக்குப் போடுவோம். வாசல்ல நொழஞ்சதும் இவங்க மொகந்தான். தலைப்பு 'கைம்பெண்'. எப்படி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'இல்லை அண்ணே, அந்தக்கா பொட்டு வைத்திருந்தார்' என்று ஒரு வார்த்தை. அவன் சொன்னது "ம்" மட்டும்.

கமால் படத்தருகே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "மோகன் அண்ணே, எங்கயோ பாத்த மொகமா இருக்கு. என் கடைக்கு ஒரு அக்கா வருவாங்க, சுங்கை பினாங்கு ஃபிளாட்டு... ஆனா நெத்தி வேற மாதிரி இருக்கு. அவங்களா இருக்காது லா."

"வேற ஆளா இருக்கும்" என்றான் மோகனராஜ்.

தயாளன் கண்காட்சிக்கு அழைப்பு அடித்தார். அழைப்பில் அந்தப் படம், கீழே 'கைம்பெண்'. அதை முகநூலில் போட்டார். அது வாட்சாப்பில் ஏறியது. பினாங்குத் தமிழர்களின் வாட்சாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காலையில் தீவில் தும்மினால் மத்தியானம் அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் மூக்கைத் துடைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று தயாளன் சொல்லியிருந்தார். எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போலக் கறுப்பில் நின்று, கழுத்தில் கேமராவோடு கேக் தின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய படக்கலைஞர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் அங்கேயும் கண்காட்சி. மோகனராஜ் மூலையில் நின்று கேக் தின்கிறவர்களைப் பார்த்து வெறுத்துக்கொண்டிருந்தான். ஆனால் காது மட்டும் 'அந்தப் படம் யாரு எடுத்தது?' என்கிற கேள்விக்குக் காத்திருந்தது.

அப்போதுதான் வாசலில் சிவப்பு தெரிந்தது. அதே சேலை, அதே வட்டக் குங்குமம். அந்தப் பெண் உள்ளே வந்தாள். எதிரே ஆள் உயரத்துக்குத் தன்னையே பார்த்தாள்.

"நல்லம்மாக்கா!" என்று கமால் ஓடி வந்தான். அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"யாருப்பா இத எடுத்தது?" என்றாள் நல்லம்மாள்.

மூலையிலிருந்த மோகனராஜைக் கறுப்புச் சட்டைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பெருமையாகத்தான் பார்த்தன, கேடுகெட்டவை.

"நீயா தம்பி?" அவளுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் பேச்சில் கெஞ்சல்தான் இருந்தது. "எங்க வூட்டுக்காரரு கார்த்திகேசு ஆஸ்பத்திரில படுத்திருக்காருப்பா. நெஞ்சுல அடைப்பு. நாளைக்குக் காலையில ஆப்பரேஷன். இந்தப் படத்தப் பாத்துட்டு மூணு நாளா ஊரே எனக்குப் போன் போட்டு அழுவுது. 'எப்ப நடந்துச்சு, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே'ன்னு. கெப்பாலா பத்தாஸ்லேருந்து அவரு சித்தப்பா மவன் குடும்பத்தோட வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்து, எங்க ஃபிளாட்டு வாசல்ல நின்னுகிட்டு மாருல அடிச்சிக்கறான். இன்னொருத்தன் அவரு போனுக்கே அடிச்சிருக்கான். 'பேசுறது யாரு'ன்னு கேட்டிருக்கான். 'நான்தான்டா கார்த்திகேசு'ன்னிருக்காரு. அவன் அலறிட்டுப் போன வச்சிட்டானாம்."

யாரோ ஒருவர் பின்னால் களுக்கென்று சிரித்தார். மோகனராஜுக்கு அந்தச் சிரிப்பை வாங்கி அறைய வேண்டும்போல இருந்தது.

"அதுலேருந்து மனுசன் செவுத்தப் பாத்துப் படுத்துட்டாரு. சோறு தண்ணி இல்ல. 'உன் நெத்திய அழிச்சு ஊருக்கு முன்னால மாட்டிட்டாங்க புள்ள, நான் உள்ள போனா எந்திரிக்க மாட்டேன், ஆப்பரேஷன் வேணாம்'னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. டாக்டரு சொல்லியும் கேக்கல. 'அத எறக்கு. எறக்கின செவுத்த எனக்குக் காட்டு. அப்பறம் போறேன்'னு சொல்லிட்டாரு. எறக்கிடு தம்பி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

மோகனராஜ், "அன்னிக்கு... நீங்க அழுதுகிட்டு இருந்தீங்க..." என்றான்.

"சந்தோசத்துல அழுதேன்ப்பா! மாசக்கணக்கா காத்துக் கெடந்து, அன்னிக்குத்தான் ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்துட்டோம்னு போன் வந்துச்சு. இந்தச் செவப்பே அவரு உசுருக்குத்தான் வேண்டிக்கிட்டுக் கட்டறேன். ஆத்தாளுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ கட்டடம்னு சொன்ன."

தயாளன் முன்னால் வந்தார். பாலிசி விற்கிற குரல். "அக்கா, ஒங்க கஷ்டம் புரியுது. இது கலை லா. ஒங்களுக்கும் ஒரு பெருமைதானே? பெரிய ஆளு ஒருத்தர் வராரு. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். தலைப்ப வேணும்னா இப்பவே மாத்திடறேன். 'காத்திருப்பு'ன்னு போட்டுடுவோம்."

பெருமையாம், பெருமை! எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பது இதுதான். அந்த ஆளின் பை வைத்த சட்டையைப் பார்க்கப் பார்க்க மோகனராஜுக்குத் தொண்டை வரை ஏறி வந்தது. நல்லம்மாள் தயாளனைப் பார்க்கவில்லை. படம் எடுத்தவன் வாயைத்தான் பார்த்தாள். அவன் சொன்னால் இறங்கும், சொல்லாவிட்டால் இறங்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவன் சுவரைப் பார்த்தான். அந்த வெள்ளை, அந்த வானம். வாழ்நாளில் ஒரு படம்.

"சாயங்காலம் எறக்கிடறேன்க்கா" என்றான். "கண்டிப்பா."

நல்லம்மாள் தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். "அதுவரைக்கும் நான் முண்டச்சியாவே நிக்கவா தம்பி?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, பாசாரில் மீன் என்ன விலை என்று கேட்பதுபோலக் கேட்டாள். கேக் தட்டை வைத்திருந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அவள் தோள்பையைத் திறந்து, கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள். படத்தருகே போய்க் காலை எக்கி நின்று ஒரு சிட்டிகை எடுத்து அந்தப் பெரிய நெற்றியில் வைத்தாள். படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடிமேல் தூள் நிற்கவில்லை. வழுக்கி மூக்கின் வழியாகக் கீழே கொட்டியது. மறுபடி வைத்தாள், மறுபடி கொட்டியது. சிமெண்டுத் தரையெல்லாம் சிவப்பு. அப்புறம் கட்டைவிரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டு, பொட்டலத்துக்குள் அழுத்தி எடுத்து, நெற்றியில் வைத்து அமுக்கினாள். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல வட்டமாகச் சுழற்றினாள். இந்தத் தடவை ஒட்டியது.

'க்ளிக்.'

அந்த நிசப்தத்தில் அது பட்டாசு வெடித்ததுபோலக் கேட்டது. எந்த நாய் இந்த நேரத்தில் எடுக்கிறது என்று மோகனராஜ் ஆத்திரத்தோடு தலையைத் திருப்பினான். எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா அவன் முகத்துக்கு நேரே இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது. எப்போது தூக்கினான், எப்போது குவியம் பார்த்தான், அவனுக்கே தெரியாது.

அதற்குள் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. அவன் எடுத்ததும் தயாளன் எடுத்தார், தயாளன் எடுத்ததும் மற்றக் கறுப்புச் சட்டைகளும் தூக்கிக்கொண்டன. ஒருவன் நல்ல கோணத்துக்காகத் தரையில் மண்டியிட்டான், குங்குமத்தின் மேலேயே.

நல்லம்மாள் திரும்பினாள். அத்தனை கேமராக்களையும் விட்டுவிட்டு அவன் ஒருவனைத்தான் பார்த்தாள். காலில் எதையோ மிதித்துவிட்டவள் பார்க்கிற பார்வை.

"இதுவும் கட்டடமா தம்பி?" என்றாள்.

சொல்லிவிட்டு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

கமால்தான் காப்பிக் கடைக்காரரிடம் திருப்புளி வாங்கி வந்தான். தயாளன் கையைப் பிடித்தார். "விடுங்கண்ணே" என்றான் கமால். அவன் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள். திருகாணிகளைக் கழற்றி, தனி ஆளாக அந்தப் பெரிய சட்டத்தை நெஞ்சோடு அணைத்து இறக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாத்தி வைத்தான். நல்லம்மாள் தன் கைப்பேசியில் வெறும் சுவரைப் படம் பிடித்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காப்பி இயந்திரம் மட்டும் உள்ளே சீறிக்கொண்டிருந்தது.

பதில் குரலாக வந்தது. கமால் அவளுக்காகச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தான். சோர்ந்த ஆண் குரல் ஒன்று, "பாத்தேன் புள்ள" என்றது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "வரும்போது கஞ்சி எடுத்துக்கிட்டு வா. பசிக்குது" என்றது.

நல்லம்மாள் கைப்பேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கேயே உடைந்து அழுதாள். மூக்கைச் சிந்தினாள், சிரித்தாள், கமாலின் தலையைத் தடவினாள். அப்போதும் ஒருவன் எடுத்தான். கமால் அவன் கேமராவின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டான். அவள் படி இறங்கித் தெருமுனை திரும்பும்வரை விடவில்லை.

தயாளன் மோகனராஜின் காதோரம் வந்தார். "மச்சான், அந்த மொத ஷாட்டு... கெடச்சுதா? காட்டேன்." அவர் மூச்சில் கேக் வாசம் அடித்தது. மோகனராஜ் அவரைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, சாக்கடையோரம் குனிந்து நின்றான். ஓங்கரித்தது, ஒன்றும் வரவில்லை.

திரும்பும் ஃபெர்ரியில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பியோரம் போய் நின்றான். கேமராவைத் திறந்தான். படம் அப்படியே விழுந்திருந்தது: எக்கி நிற்கும் குதிகால், மணிக்கட்டைப் பிடித்த கை, கீழே கொட்டிக் கிடக்கும் தூள், இரண்டு முகம், நடுவில் கட்டைவிரல். ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. விளக்குக்கு அடியில் வைத்து எத்தனை வருசம் பார்த்தாலும் ஒதுக்க முடியாத படம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்த்திகேசு பிழைப்பாரா மாட்டாரா என்று அவன் நினைக்கவில்லை. கோலாலம்பூர்க்காரர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தான். நினைத்துவிட்டான், பாவி. அது தெரிந்தபோது இத்தனை வருசமாக ஊர் மேல் துப்பியதெல்லாம் வாய்க்குள்ளேயே திரும்பி வந்து நின்றதுபோல இருந்தது.

நீயெல்லாம் ஒரு மனுசனா, த்தூ, என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டான். கேமராவின் சின்னக் கதவைத் திறந்து, நகம் அளவிருந்த அந்த நினைவட்டையை உருவி எடுத்தான். கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினான். கீழே கடல் அழுக்குப் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. விரலைத் தளர்த்தினால் போதும்.

பட்டர்வொர்த் துறையில் ஃபெர்ரி இடித்து நின்றபோதும் கை அப்படியே நீட்டித்தான் இருந்தது. பின்னால் மோட்டார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மோகனராஜ் கையை உள்ளே இழுத்து, அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையின் பொத்தானையும் மாட்டினான்.